உப்பு ஏறிய அடுக்கு

ராத்திரி முழுக்கச் சூட்டுப் பெட்டிக்குள் வெந்துவிட்டு வந்த சிப், மூடு என்றால் மூட மாட்டேன் என்றது. யுஸ்ரா அதற்குக் கொடுத்திருந்த மின்னழுத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் அதன் வழியாக மின்சாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. குழாயை இறுக்கி மூடிய பிறகும் தண்ணீர் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. பக்கத்தில் இருந்த இன்னொரு சிப்பை எடுத்துச் சோதித்தாள். அதுவும் அதே பாட்டைத்தான் பாடியது.

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்தது திருமலைசாமியின் தொழிற்சாலை. பம்பு செட்டு செய்து பேர் வாங்கிய குடும்பம். பம்பு செய்கிறவருக்கு சிப்பு எதற்கு என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கேட்டு வருகிறார்கள் என்பது வேறு விஷயம். கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் போகிற சிப் அல்ல அங்கே செய்வது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஒரு நொடிக்குள் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிற சுவிட்சுகள். பார்க்க மிளகாய் விதை அளவுதான் இருக்கும். ஓடுகிற வண்டியின் உயிர் அதில் இருக்கும்.

அந்தச் சுவிட்சுக்குள்ளே ஒரு கதவு உண்டு. கதவுக்கும் அதன் அடியில் இருக்கும் சிலிக்கனுக்கும் நடுவே, மின்சாரம் கடக்காதபடி ஒரு கண்ணாடிப் படலம். தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அதன் தடிமன். இது கடையில் வாங்கி ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை. சிலிக்கன் வட்டுகளைக் கொதிக்கும் உலைக்குள் தள்ளி, ஆக்சிஜனை விட்டு, இரும்பில் துரு ஏறுவதுபோல மெல்ல மெல்ல வளர்த்தெடுக்க வேண்டும். படலம் ஒழுங்காக இருந்தால் கதவு சொன்ன பேச்சைக் கேட்கும். இல்லாவிட்டால் வீட்டில் எவ்வளவு பெரிய பூட்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அந்த உலைக்குப் பொறுப்பு யுஸ்ரா. கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மானின் மூத்த மகள். அவள் சேர்ந்த காலத்தில் இங்கே வளர்ந்த படலங்கள் ஓட்டை ஒடிசலாக இருந்தன. உலையைச் சூடாக்கும் வேகத்தை மாற்றி, ஈரக் காற்றைத் துரத்தி, கடைசியில் நைட்ரஜனில் ஆறவிட்டு, படாத பாடு பட்டு அவள் கொண்டுவந்த படலம் ஒரு பொட்டு கசியவில்லை. தீபாவளிக்கு முன்னால் வெளியூரிலிருந்து வந்த பெரிய கம்பெனிக்காரர்கள் அதை அளந்து பார்த்துவிட்டு, இந்த ஊரிலா இதைச் செய்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திருமலைசாமிக்குத் தரையில் கால் பாவவில்லை. யுஸ்ராவுக்கும் பெருமைதான். அதில் என்ன தப்பு?

ஆனால் இப்போது அவள் கையில் இருப்பவை அதற்குப் பிறகு வளர்ந்த சிப்புகள். சோதனை மேஜையில் குளுகுளு அறையில் வைத்துப் பார்த்தால் அத்தனையும் தங்கம். சூடும் மின்னழுத்தமும் சேர்ந்து கொஞ்ச நேரம் அழுத்தினால்தான் சுயரூபம் தெரிகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. இதே லாட்டில், உலையில் ஒரே தடவையில் வளர்ந்த சிப்புகளை வைத்துக் கட்டிய, மோட்டாரை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர்களைப் பொருத்தி, இரண்டு மின்சார ஸ்கூட்டர்கள் இன்று காலைதான் வாசலை விட்டுப் போயிருந்தன. ஒன்றில் திருமலைசாமியின் மகன் யஷ்வந்த். மற்றதில் அவன் மனைவி பிரத்யுஷா. கல்யாணம் ஆகி இன்னும் தாலிக்கயிற்றின் மஞ்சள் போகவில்லை. கோத்தகிரி வரை ஏறி இறங்கினால் வண்டிக்கும் பரீட்சை ஆச்சு, தங்களுக்கும் ஊர் சுற்றின மாதிரி ஆச்சு என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். வெளியே சித்திரை வெயில் பொரிந்துகொண்டிருந்தது.

யுஸ்ராவுக்கு இது திடீரென்று தெரிந்த சேதி அல்ல என்பதுதான் கொடுமை. முந்தின நாளே ஒரு சிப் முரண்டு பிடித்தது. திருமலைசாமியிடம் போய்ச் சொல்லவும் சொன்னாள்.

"சார், புது லாட்டுல ஒண்ணு சித்த சரியில்லாத மாதிரி இருக்குதுங்க. பாக்கோணுங்க."

"பாருங்கம்மணி. பொறுமையாப் பாருங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க," என்றார் அவர்.

இந்தப் பக்கத்து மரியாதை இப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும், ஏனுங்க, சித்த சூடா இருக்குதுங்களே என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்கிறவரும் அதே மரியாதையோடு, அப்படீங்களா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். வண்டிகளை வெளியே விடாதீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு கெட்ட சிப்பை வைத்துக்கொண்டு முதலாளி வீட்டுப் பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுப்பதா என்று நாக்கை மடக்கிக்கொண்டாள். இன்று அந்த நாக்கைக் கடித்துத் துப்பலாம்போல் இருந்தது.

கெட்டுப்போன சிப் ஒன்றை மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமல் வெறும் சூட்டில் மட்டும் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், நல்ல பிள்ளையாக மூடியது. பார்த்துக்கொண்டிருந்த லாஸ்யா, அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பெண், "அக்கா, சரியாயிருச்சுங்க்கா!" என்று துள்ளினாள்.

"சரியாகல லாஸ்யா. இதுக்குத்தான் நான் பயந்தேன்," என்றாள் யுஸ்ரா.

படலம் உடைந்திருந்தால் உடைந்ததுதான், திரும்ப ஒட்டாது. சூட்டில் கெட்டு, சூட்டிலேயே திரும்பத் தேறுகிறது என்றால் உள்ளே ஏதோ நடமாடுகிறது என்று அர்த்தம். அப்படி நடமாடுவது ஒன்றே ஒன்றுதான். சோடியம். சோற்றில் போடுகிற உப்பில் இருக்கிறதே, அதேதான். கண்ணாடிப் படலத்துக்குள் அது ஒரு துளி புகுந்துவிட்டால், குளிரில் செத்த பாம்பாகக் கிடக்கும். சூடு ஏறி, மின்சாரமும் பிடித்துத் தள்ளும்போது, ஊர்ந்து ஊர்ந்து போய்க் கதவை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்துவிடும்.

அதற்காகவே அவள் அந்த அறையில் சர்வாதிகாரம் செய்துகொண்டிருந்தாள். வெறும் கை எதிலும் படக்கூடாது, வியர்வையில் உப்பு. முகத்துக்குப் பவுடர் கூடாது. டிபன் சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளிக்காமல் உள்ளே வந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். யஷ்வந்த்கூட ஒரு தடவை திட்டு வாங்கியிருக்கிறான். இத்தனை காவலையும் தாண்டி உப்பு எந்த வழியாக வந்தது?

தண்ணீரைச் சோதித்தாள். வாயுக் குழாய்களைச் சோதித்தாள். கையுறைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். பிறகு அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். உலையின் வாய்தான் சுத்தமான அறைக்குள் இருக்கிறது. அதன் முதுகு முழுக்கப் பின்பக்க நடைபாதையில், எலெக்ட்ரீஷியன்களும் குழாய் ரிப்பேர்காரர்களும் செருப்போடு நடமாடுகிற இடத்தில். பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றித் தூக்கி வைத்தாள்.

மேல் சட்டத்தில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு தொங்கியது.

ஒரு பக்கம் கருகியிருந்தது. தொட்டதும் முடிச்சு பொடிந்து பிரிந்தது. உள்ளே படிகாரத் துண்டு, கருவடாம் மாதிரி சுருங்கிய மிளகாய்கள், கொஞ்சூண்டு கல் உப்பு. மிச்ச உப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. தீபாவளி விடுமுறையில் உலையை அணைத்துப் போட்டிருந்தபோது விடாமல் மழை பெய்தது. ஈரத்தில் கசிந்து, துணி வழியாகச் சொட்டி, கீழே உலைக் குழாயைச் சுற்றிப் பொதிந்திருந்த வெப்பம் தாங்கும் பஞ்சில் இறங்கியிருந்தது. வெள்ளை வெள்ளையாகத் தாரை காய்ந்திருந்தது. மறுபடி உலையை மூட்டியதும் அந்தச் சூட்டில் உப்பு ஆவியாகி, உலையின் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயின் சுவரையே ஊடுருவிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அந்தச் சூட்டில் சோடியத்துக்கு அந்தச் சுவர் ஒரு தடையே இல்லை.

கண்ணேறு முடிச்சு. யுஸ்ராவுக்கு அது அந்நியமில்லை. அவள் அம்மா சாஜிதா பேகமும் பிள்ளைகளுக்குக் கண்ணு பட்டால் உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடுகிறவர்தான். யார் கட்டியிருப்பார்கள் என்பதும் தெரிந்தது. சிரித்தால் கன்னம் குழியும் அந்த முகத்தை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

ரங்கம்மாள், திருமலைசாமியின் மனைவி, கேன்டீன் பக்கத்து அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காய் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். யுஸ்ராவை வேலைக்காரப் பெண்ணாக அவர் ஒரு நாளும் நடத்தியதில்லை. நோன்பு மாதத்தில் சாயங்காலம் ஆனால் பேரீச்சம்பழத்தோடு அவரே உலை அறை வாசலில் வந்து நிற்பார்.

"வா கண்ணு. மூஞ்சியெல்லாம் ஏன் இப்படி வாடிக் கெடக்குது? சாப்பிட்டயா இல்லியா?"

யுஸ்ரா முடிச்சை நீட்டினாள். "அம்மா, இது… நீங்க கட்டுனதுங்களா?"

"ஆமா கண்ணு, நாந்தான் கட்டுனேன்." ரங்கம்மாள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "அன்னைக்கு வந்தவங்க கண்ணு பூராம் உன்ற ஒல மேலதான். அத்தன பேரு வாயப் பொளந்துட்டுப் போறாங்க, நமக்கு வெசனமா இருக்காதா? நீ உள்ளுக்குள்ள ஒரு தூசி கொண்டாரப்புடாதுன்னு சொல்லீருக்கற. அதனாலதான் நா உள்ள போகவே இல்ல. எலெக்ட்ரீஷியன் பின் தகட்டக் கழட்டி வெச்சிருந்த நேரமாப் பாத்து, பொட்டாட்டச் சத்தமில்லாம வெளீல போயிக் கட்டிப்போட்டேன். சாமியக் கும்புட்டு, உன்ற பேரும் என்ற பையன் பேரும் சொல்லித்தான் கட்டுனேன். ஏன் கண்ணு, தப்பாப் போச்சா?"

இந்த இடத்தில்தான் யுஸ்ரா மறுபடியும் தடுமாறினாள். உள்ளே வராதே என்ற விதியைச் சொன்னவள் அவள். அந்த விதியை ஒரு எழுத்து பிசகாமல் மதித்து நடந்தவர் ரங்கம்மாள். உங்கள் அன்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதோடு, சாமி பேரைச் சொல்லிக் கட்டியதை இவள் போய் அவிழ்த்தாளாம் என்று நாளைக்கு எவனாவது வாய்க்கு வந்தபடி பேசினால்? இந்த ஊரில் அவளைப்போல ஒருத்தி அதையும் யோசித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

"ஒண்ணுமில்லீங்கம்மா. கருகிப் போச்சுங்க, அதான் எடுத்தேன்," என்றாள்.

வெளியே வந்து யஷ்வந்துக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வேலை நாளில் பெண்டாட்டியோடு ஊர் சுற்றுகிறவன் ஆபீஸ் நம்பரை எடுப்பானா? பிரத்யுஷாவுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திருமலைசாமி பெருந்துறையில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார், அவர் போன் அணைந்திருந்தது. மலை ஏறும்போது மோட்டார் நிறைய மின்சாரம் இழுத்திருக்கும். கன்ட்ரோலர் கொதித்திருக்கும். இந்நேரம் அந்த சிப்புகளுக்குள் உப்பு ஊர ஆரம்பித்திருக்கும்.

கதவு மூடாமல் போனால் வண்டி தறிகெட்டு ஓடாது. அப்படி ஓடினாலாவது பிரேக் இருக்கிறது. மின்சாரம் போகக்கூடாத வழியில் போய், மோட்டார் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். நேர் ரோட்டில் என்றால் விழுந்து முழங்கால் தேயும். மலைப்பாதை வளைவில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்போது என்ன ஆகும் என்று யோசிக்கவே அவளுக்குத் தைரியம் இல்லை.

யஷ்வந்த் யார் போனை எடுக்காவிட்டாலும் ஒருவர் போனை எடுப்பான். யுஸ்ரா திரும்பி ஓடினாள்.

"அம்மா, யஷ்வந்துக்குப் போன் போடுங்க. வண்டிய உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"ஏங்கண்ணு?"

இந்தத் தடவை அவள் மரியாதையையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டாள். "நீங்க கட்டுன உப்பு சிப்புக்குள்ள எறங்கிருச்சு. அந்த சிப்புதான் ரெண்டு வண்டிலயும் இருக்குது. மலைல சக்கரம் பூட்டிக்கும். விழுந்துருவாங்க. போடுங்கம்மா!"

ரங்கம்மாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை எடுத்து, மகன் பேரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

"சொல்லுங்கம்மா!" காற்றுச் சத்தத்துக்கு நடுவே யஷ்வந்தின் குரல் உற்சாகமாக வந்தது.

"சாமி, எங்க இருக்கறீங்க?"

"கோத்தகிரீல டீ குடிச்சுப்போட்டு எறங்கீட்டு இருக்கறோம்மா."

"வண்டிய நிறுத்து."

"ஏனுங்கம்மா? யுஸ்ராக்கா பக்கத்துல இருக்கறாங்களா? அவங்ககிட்டச் சொல்லுங்க, ஏத்தத்துல வண்டி பிச்சுக்கிட்டுப் போச்சுன்னு. எறங்கறப்பத்தான் பின் வீலு அப்பப்ப லேசாப் புடிக்குது. பிரேக்கு புதுசுல்ல, அதான்."

யுஸ்ரா மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் இல்லை அது.

"நிறுத்து சாமி, அம்மா சொல்றனல்ல!"

"இன்னும் ரெண்டு வளைவு தாண்டுனா ஒரு கடை இருக்குதும்மா. அங்க போய் நிறுத்தீட்டு நானே கூப்படறேன்." அவன் சிரித்தான். அம்மா எதற்கும் பயப்படுகிறவர் என்று சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பழக்கம்.

ரங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "நா ஒலைக்குப் பின்னால உப்புக் கட்டிப்போட்டேன், சாமி. தீவாளிக்கு முந்தி."

சிரிப்பு நின்றது. அந்த அறைக்குள் வியர்வைக் கையோடு நுழைந்து யுஸ்ராவிடம் திட்டு வாங்கியவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காற்றுச் சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. ஒரு குருவி கத்துவது கேட்டது.

"நிறுத்தீட்டேம்மா," என்றான். "எறங்கி ஓரமா நிக்கறேன்."

ரங்கம்மாள் அப்படியே நாற்காலியில் சரிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். யுஸ்ரா அவர் தோளைப் பிடித்தாள். அல்லாவே, அல்லாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"பிரத்யுஷாவும் நின்னுட்டாளா?" என்றார் ரங்கம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சாமி?"

"அவ முன்னால போயிட்டாம்மா. நா மேல ஒரு வளைவுல போட்டோ எடுக்க நின்னுட்டேன். மொதல்ல யாரு கீழ போய்ச் சேர்றதுன்னு பந்தயம் கட்டீட்டு…"

யுஸ்ரா அதற்குள் தன் போனில் பிரத்யுஷாவின் நம்பரை அழுத்தியிருந்தாள். மேஜை மேல் கிடந்த ரங்கம்மாளின் போனிலிருந்து, அந்த மலைப்பாதையிலிருந்து, ஒரு மணிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"அவ போனு எங்கிட்டத்தான் இருக்குதுங்க்கா," என்றான் யஷ்வந்த். "இதுலதான் போட்டோ எடுத்தேன். அம்மா, நா பின்னாலயே போயிப் புடிச்சறட்டுமா?"

போ என்றால் மகனுக்கு ஆபத்து. போகாதே என்றால் மருமகளுக்கு. ரங்கம்மாள் யுஸ்ராவைப் பார்த்தார். இதுவரை யாரும் யுஸ்ராவை அப்படிப் பார்த்ததில்லை.

"வண்டிய எடுக்காதீங்க யஷ்வந்த்!" யுஸ்ரா போனை எடுத்துக்கொண்டு கத்தினாள். "கீழ போற காரு, பஸ்ஸு எதையாவது கை காட்டி நிறுத்துங்க. எங்க இருக்கறீங்கன்னு சொல்லுங்க, நா போலீசுக்குப் பேசறேன். வண்டிய மட்டும் தொடாதீங்க!"

"ஒரு வண்டியும் வரலீங்க்கா," என்றான் அவன்.

"யஷ்வந்த்? யஷ்வந்த், கேக்குதுங்களா?"

மின்சார வண்டி கிளம்பினால் சத்தம் கேட்காது. அவன் நிற்கிறானா, போகிறானா என்று தெரியாமல் இரண்டு பெண்களும் அந்தப் போனுக்கு மேல் குனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் காற்றுச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு கூடிக்கொண்டே போனது.